கொட்டுமேட்டு மூக்குகள்

ஊர்க் குப்பையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதை இந்த முறை மனிதர்கள் முடிவு செய்யப்போவதில்லை என்று வடபாலூர் நகராட்சிக் கமிஷனர் அறிவித்தபோது, கூட்டத்தில் கைதட்டிய ஒரே ஆள் சுடர்க்கொடி.

மனிதர்கள் முடிவு செய்த லட்சணத்தைத்தான் அவள் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாளே. நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சேர்மன் ஜீப்பை விட்டு இறங்காமலேயே கையை நீட்டி, "அங்க போடுங்க" என்றாராம். கை நீண்ட பக்கம் காலனி இருந்தது. எந்தக் காலனி என்று இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. காலனி என்றால் காலனிதான். அன்றிலிருந்து கல்யாண மண்டபத்து எச்சில் இலையும், கறிக்கடைக் கழிவும், செத்த நாயும், செப்டிக் டேங்க் லாரியும் அந்த இடத்துக்கே வந்தன. கொட்டிக் கொட்டி மேடானது. மேட்டுக்குப் பேர் கொட்டுமேடு. பக்கத்தில் குடியிருந்த குற்றத்துக்கு அது கொட்டுமேட்டுக் காலனி.

சுடர்க்கொடி அந்தக் காலனிக்காரி. முதல் பட்டதாரிச் சான்றிதழைக் காட்டிச் சுற்றுச்சூழல் பொறியியல் படித்துவிட்டு, அதே நகராட்சியில் ஒப்பந்த அளவையாளராக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவளுடைய அம்மா சின்னப்பொண்ணு அதே நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அம்மா பின்வாசல் வழியாக வருவாள், மகள் முன்வாசல் வழியாக. அவ்வளவுதான் நாலு வருடப் படிப்பு வாங்கிக் கொடுத்தது.

ஊர் பெருத்து, நாளைக்கு எண்பது டன் குப்பை சேர்ந்தது. மக்கும் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலை, மக்காததைப் பிரிக்கும் கொட்டகை, செப்டிக் டேங்க் கழிவைச் சுத்தம் செய்யும் தொட்டிகள், மூன்றும் ஒரே வளாகத்தில் வரவேண்டும். இடங்கள் மூன்று பார்த்திருந்தார்கள்: பணக்கார மனைகள் இருந்த ஏரிக்கரை நகர், கல்லூரிச் சாலை, பழைய கொட்டுமேடு. வளாகம் மற்ற இரண்டில் ஒன்றுக்குப் போனால் கொட்டுமேட்டைத் தோண்டி அள்ளி மூடிவிடுவார்கள். கொட்டுமேட்டுக்கே வந்தால் இன்னும் நாற்பது வருடம்.

முடிவு செய்ய 'நடுநிலை' என்று ஒரு மென்பொருள் வந்திருந்தது. அரசாங்கமே எல்லா நகராட்சிக்கும் கட்டாயமாக்கியது. அதன் தர்மம் எளிது. ஆலை எங்கே வைத்தாலும் நாறும். அந்த நாற்றத்தால் எந்த இடத்து ஜனங்களுக்கு மொத்த வேதனை மிகக் குறைவோ, அங்கே வை. வேதனையை ஊகிக்க வேண்டாம், ஒவ்வொரு மூக்கிலும் அளந்து பார். அதற்கு ஒரு கருவி. முகமூடி மாதிரி வைத்து, குழாய் வழியாகப் பன்னிரண்டு முறை காற்று விடுவார்கள். சில முறை கெட்ட வாடை, சில முறை வெறும் காற்று. வாடை அடித்தால் கையிலிருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். ஜனங்கள் அதற்கு மூக்குப்பெட்டி என்று பேர் வைத்தார்கள்.

மிஷினுக்குச் சாதி தெரியாது என்று சுடர்க்கொடி நம்பினாள். படித்த பிள்ளை, பாவம்.

சொந்த வார்டில் அளக்கக் கூடாது என்பது விதி. அவளுக்கு ஏரிக்கரை நகர் விழுந்தது. அங்கே முதல் வீட்டில் ஒரு ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், முகமூடியைக் கையில் எடுக்கும்போதே பொத்தானை அழுத்திவிட்டார்.

"இன்னும் ஆரம்பிக்கலீங்க சார்."

"ஆரம்பிச்சா தாங்க முடியாதும்மா. அதான் இப்பவே அமுக்கிட்டேன்."

அந்தத் தெருவில் எல்லோரும் வெறும் காற்றுக்கும் அழுத்தினார்கள். ஒரு அம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டே அழுத்தினாள். குடியிருப்போர் சங்கத்தில் மூன்று இன்ஜினியர்கள் இருந்தார்கள். நடுநிலை எப்படிக் கணக்குப் போடும் என்று வாட்ஸாப்பில் படம் போட்டே விளக்கியிருந்தார்கள்.

"நீ எந்த ஊரும்மா?" என்று வங்கி மேலாளர் காபி கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"இதே ஊர்தான் சார்."

"இங்க எங்க?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி" என்றாள் சுடர்க்கொடி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு கிலோமீட்டர் போனால் காலனி வரும். பொய் இல்லை.

ஒரு வாரம் கழித்து எண்கள் வந்தன. பத்துக்கு எவ்வளவு வேதனை என்று வார்டு வாரியாகப் போட்டிருந்தார்கள். ஏரிக்கரை நகர் 7.8. கல்லூரிச் சாலை 6.1. கொட்டுமேட்டுக் காலனி 0.3.

எண் தப்பாக ஏறியிருக்கும் என்று முதலில் நினைத்தாள். மூலத் தரவை எடுத்துப் பார்த்தாள். காலனியில் அறுநூற்றுச் சொச்சம் பேரில் பொத்தானை அழுத்தியவர்கள் பதினெட்டுப் பேர். மதியச் சாப்பாட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேராக வீட்டுக்குப் போனாள்.

சின்னப்பொண்ணு காலை வேலை முடித்து, இரண்டாவது குளியலும் முடித்து, ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தாள். காலனிப் பெண்கள் ஊருக்குள் போவதற்கு முன் ஒரு தரமும் வந்த பின் ஒரு தரமும் குளிப்பார்கள்.

"யம்மா, மூக்குப்பெட்டி வெச்சாங்களே, நீ பட்டனை அமுக்கினியா?"

"நான் எதுக்குடி அமுக்கறேன்?" சின்னப்பொண்ணுவுக்கு முகமெல்லாம் பெருமை. "நான் மட்டுமா? ஒருத்தி அமுக்கல. எஸ்தரு வூடு வூடாப் போயி சொல்லிட்டு வந்தா. சின்னஞ்சிறுசுங்களுக்குக்கூட பழக்கிவுட்டோம். முட்டையழுவின வாடையை வுட்டான் பாரு, கொடலே மேல வந்துது. சிரிச்சிக்கினே குந்தினு இருந்தேன். அளக்க வந்த பொண்ணு கேட்டுது, ஒண்ணியும் தெரியலியாம்மான்னு. மல்லிப்பூ கணக்கா கீதுன்னேன்."

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"பின்ன? நாத்தம்னு நம்ம வாயால சொன்னா, அப்ப நாறுறவ நாமதான்னு ஆயிடும்ல? அத்த எழுதினு போயி வேலைய வுட்டுத் தூக்கினான்னா?"

சுடர்க்கொடிக்குத் தெரியாததா இது? காலனியில் அந்தச் சொல்லையே யாரும் சொல்ல மாட்டார்கள். மேட்டுப் பக்கமிருந்து காற்று அடித்தால் "காத்து திரும்பிடுச்சு" என்று கதவைச் சாத்துவார்கள். சொந்தக்காரர்கள் வந்து மூக்கைச் சுளித்தால் "மழை வரும்போல" என்று பேச்சை மாற்றுவார்கள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் தள்ளி உட்காரச் சொன்ன நாளிலிருந்து அவளும் அதைத்தான் செய்துவந்தாள். ஏரிக்கரையில் காபியைக் குடித்துக்கொண்டே செய்ததும் அதுதான்.

"யம்மா, வேதனை இருந்தா அமுக்கணும். அமுக்கினா இங்க குப்பை வராது. அமுக்காததால இங்கயே வருது. இன்னும் நாப்பது வருஷம்."

சின்னப்பொண்ணு ஈரத்துண்டை மடியில் போட்டுக்கொண்டு மகளையே பார்த்தாள். "இத்த முன்னாலயே சொல்றதுக்கு உனுக்கு இன்னா?"

"சொல்லக் கூடாதுன்னு ரூலும்மா."

"ரூலு" என்றாள் அம்மா.

அன்று மாலையே சுடர்க்கொடி நகராட்சிப் பொறியாளர் தணிகாசலத்தின் மேசை முன்னால் நின்றாள். தணிகாசலம் ஓய்வுபெற எட்டு மாதம் இருந்த மனுஷன். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், யாருக்கும் நல்லதும் செய்யாதவர். பக்கத்தில் மென்பொருள் கம்பெனி ஆள் ரகுநந்தன் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். யார் பேசினாலும் முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையாட்டுகிற வகை.

"ஏம்மா, நாப்பது வருஷமா அங்கயே இருக்காங்க. மூக்கு செத்துப் போயிருக்கும். மிஷின் கரெக்டாத்தான் சொல்லுது" என்றார் தணிகாசலம்.

"செத்துப்போகல சார். வெக்கப்பட்டுக்கிட்டு அமுக்கல."

"அதை எப்படிம்மா நிரூபிப்ப?"

"மூச்சு சார்." அவள் ரகுநந்தன் பக்கம் திரும்பினாள். "கெட்ட வாடை ஏறினா மூச்சு தானாவே பாதியில நின்னுடும். கால் நொடிக்குள்ள. கையை அடக்கலாம், முகத்தை அடக்கலாம், இதை யாராலயும் அடக்க முடியாது. முகமூடியில மூச்சோட்டம் பதிவாகுது. எங்க வாத்தியார் பாடம் எடுத்திருக்காரு. நீங்க அதைக் கணக்குல எடுக்காம விட்டிருக்கீங்க. பொத்தானைத் தூக்கிப் போட்டுட்டு மூச்சை வெச்சுக் கணக்குப் போடுங்க."

ரகுநந்தன் முழுக்கக் கேட்டான். "நல்ல யோசனைங்க" என்றான். நிஜமாகவே அவனுக்குப் பிடித்திருந்தது. "பொத்தானை நாங்க சேர்த்ததே ஜனங்க கருத்துச் சொன்ன மாதிரி இருக்கட்டும்னுதான். மூச்சு இன்னும் நேர்மை. ராத்திரிக்குள்ள ஓட்டிடலாம்."

மறுநாள் காலையில் புது எண்கள். ஏரிக்கரை நகர் 2.2. வெறும் காற்றுக்கு அழுத்தினவர்களின் மூச்சு ஆடவே இல்லை. கல்லூரிச் சாலை 2.9. கொட்டுமேட்டுக் காலனி 9.4. நடுநிலை வந்த பிறகு எந்த ஊரிலும் பதிவாகாத எண் என்று ரகுநந்தன் சொன்னான். கொஞ்சம்கூட மரத்துப்போகவில்லை. ஒவ்வொருவர் மூச்சும், பன்னிரண்டு தரத்தில் வாடை விட்ட எட்டுத் தரமும், கத்தியால் வெட்டினது போல நின்றிருந்தது. பொத்தான் மேல் விரல் அசையாமல் இருந்தது.

சுடர்க்கொடி வரைபடங்களைப் புரட்டி சின்னப்பொண்ணு, வயது 47 என்பதைத் தேடி எடுத்தாள். எட்டு வெட்டு. சிரித்துக்கொண்டே குந்தியிருந்தேன் என்றாளே, அந்தச் சிரிப்புக்கு உள்ளே இருந்தது இதுதான். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்து, தெருமுனையில் நின்று கரும்புச்சாறு குடித்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள் ரகுநந்தன் கூப்பிட்டான். கமிஷனர் அறையில் தணிகாசலமும் இருந்தார். கமிஷனர் போனில் இருந்தார்.

"உங்க கணக்குதான் ஏத்துக்கிட்டாச்சு. வாழ்த்துகள்" என்றான் ரகுநந்தன். "ஏரிக்கரையில வெச்சா வேதனை குறைவுன்னு வருது."

"அப்ப அங்க வைங்க."

"வைக்கலாம். ஆனா அங்க நிலம் எடுக்க, கோர்ட்டுக்குப் போக, திரும்பி வர மூணு வருஷம் ஆகும். விதியில இன்னொரு வழி இருக்கு. முதல் கணக்குல வந்த கொட்டுமேட்டுல வேதனை அதிகம்னா இடத்தை மாத்தணும், இல்லன்னா வேதனையைத் தணிக்கணும். ரெண்டுல எது சுலபமோ அது."

"எப்படித் தணிப்பீங்க? குப்பைக்கு சென்ட் அடிப்பீங்களா?"

"குப்பைக்கு இல்லீங்க." அவன் சிறிய வெள்ளைக் குப்பி ஒன்றை மேசைமேல் வைத்தான். சளிக்கு மூக்கில் விடுகிற மருந்துக் குப்பி மாதிரி இருந்தது. "பிணவறை ஊழியர்களுக்காகச் செஞ்சது. மூக்கு நரம்பைத் தூங்க வைக்கும். ஒரு தடவை போதும், இருபது வருஷத்துக்கு எந்த வாடையும் தெரியாது. இடத்தை மாத்தினா மூணு வருஷம். இதுக்கு மூணு நாள்."

அவள் குப்பியைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள். "பொத்தான் கணக்கே இருந்திருந்தா?"

"0.3-க்குத் தணிப்புத் தேவைப்பட்டிருக்காது. யாருக்கும் இது தோணியிருக்கவும் செய்யாது." அவன் குரலில் கிண்டல் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "நீங்க அளந்து காட்டினதாலதான் அவங்களுக்கு இந்த நிவாரணம் கிடைக்குது."

"மனுஷன் மூக்கை அறுத்துட்டு நிவாரணம்னு சொல்றீங்க."

"கட்டாயம் இல்லம்மா" என்று தணிகாசலம் குறுக்கே வந்தார். "இஷ்டப்பட்டவங்களுக்கு மட்டும். நூத்துக்கு எழுபது வீடு கையெழுத்துப் போடணும். இல்லன்னா இடத்தை மாத்தித்தான் ஆகணும். எழுத்துல இருக்கு."

"எழுபது இல்ல சார், ஏழு வீடு போடாது" என்றாள் சுடர்க்கொடி. "நானே போய் எடுத்துச் சொல்றேன். என்னென்ன போகும்னு ஒண்ணு விடாம. அப்புறம் போடறாங்களா பாருங்க."

"சொல்லுங்களேன்" என்றான் ரகுநந்தன். "விளக்கிச் சொல்லித்தான் வாங்கணும்."

பால்வாடியில் காலை பத்து மணிக்கு முகாம். இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. இந்தத் தடவை எந்த விதியும் அவள் வாயைக் கட்டவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு பச்சையாகப் பேசினாள்.

"இந்த மருந்தை மூக்குல அடிச்சிக்கிட்டா குப்பை போகாது. குப்பை இங்கதான் இருக்கும். உங்களுக்குத்தான் தெரியாது. சோத்துல ருசி தெரியாது, உப்பு ஒறப்பு மட்டும்தான் நாக்குக்கு எட்டும். கேஸ் கசிஞ்சா தெரியாது. கெட்டுப்போன மீனு தெரியாது. பெத்த புள்ளையோட தலை வாசம் தெரியாது. இருபது வருஷத்துக்கு. கையெழுத்துப் போடலன்னா இந்த மேடே போயிடும். மூணு வருஷம் பொறுத்தா போதும். யோசிச்சுப் பாருங்க."

கூட்டம் யோசித்தது. பின்வரிசையிலிருந்து எஸ்தர் எழுந்தாள். காலனியில் எல்லா விஷயத்துக்கும் முதலில் எழுகிறவள் அவள்.

"மூக்குக்கு ரெண்டு ஓட்டை கீது. ரெண்டுத்துக்கும் அடிப்பாங்களா, ஒண்ணுக்கு மட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். "ரெண்டுக்கும்" என்றாள் மருந்தோடு வந்திருந்த நர்ஸ்.

"அப்ப எனுக்கு மொதல்ல அடி" என்றாள் எஸ்தர்.

அவளுக்கு முன்னால் ஒருத்தி வந்து நின்றுவிட்டாள். சின்னப்பொண்ணு.

சுடர்க்கொடி மைக்கைக் கீழே வைத்துவிட்டு வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "யம்மா. நான் இவ்ளோ நேரம் சொன்னது காதுல விழுந்துதா?"

"வுழுந்துது. கைய வுடு."

"மூணு வருஷம்மா. மூணே வருஷம்."

"நாப்பது வருஷமா மூணு வருஷம்னுதான் சொல்றானுங்க. உனுக்கு முன்னால எத்தினி பேரு மைக்கப் புடிச்சிட்டுப் போயிருப்பான்னு நெனைக்கிற?" சின்னப்பொண்ணு குரலை உயர்த்தவில்லை. "நீ நாலு வருஷம் ஆஸ்டல்ல இருந்த. அங்க ஒரு வேளையாவது மூச்ச அடக்கிகினு சோறு துண்ணியா? நான் ஒரு நாளாவது அடக்காம துண்ணிருக்கேனா? ருசி போவும்னு சொல்ற. எந்த ருசிடி? எனுக்குத் தெரிஞ்ச ருசியே இந்த மேடுதான். போவட்டும்."

"குனிஞ்சு போற மாதிரி இருக்கும்மா."

"நான் நிமிந்து போனத நீ எப்பப் பாத்த? நீ படிச்சவ, உனுக்கு ரோசம் இருக்கட்டும். எனுக்கு இந்த மருந்து போதும்." நர்ஸ் பக்கம் திரும்பி முகத்தை ஆகாயம் பார்க்க நிமிர்த்தினாள். "அடிம்மா."

மதியத்துக்குள் இருநூற்று ஒன்பது வீடு கையெழுத்துப் போட்டது. விளக்கிச் சொன்னவர் என்ற இடத்தில் சுடர்க்கொடிதான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. விளக்கிச் சொன்னது உண்மைதான். போட்டாள். தனக்கு மருந்து வேண்டாம் என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

ஒரு மாசம் கழித்து மறுஅளவை. கொட்டுமேட்டுக் காலனி 0.0. ஆறாவது மாதம் கட்டுமானம் பாதி எழும்பியிருந்தது. சுடர்க்கொடி தன் வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கையெழுத்து வாங்கப் போனபோது, தணிகாசலம் ஓய்வுபெற இரண்டு மாதம் இருக்கையில் போட்ட கோப்பு அவர் மேசையில் திறந்து கிடந்தது. அக்கம்பக்கத்து இரண்டு ஊர்களின் குப்பையும் இனி இங்கேதான் என்றிருந்தது.

"இது என்ன சார்?"

"நடுநிலைதான்மா சொல்லுது." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இங்க ஒரு டன்னுக்கு இவ்ளோ வேதனைன்னு ஒரு எண் இருக்கு. அதைத்தான் டன்னால பெருக்குது."

இங்கே அந்த எண் பூஜ்யம். எண்பது டன்னால் பெருக்கினாலும் பூஜ்யம். எண்ணூறு டன்னால் பெருக்கினாலும் பூஜ்யம். மாவட்டத்தில் இதைவிடக் கருணையான இடம் கிடையாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய சுடர்க்கொடி அந்தப் பெருக்கலில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாமல் நின்றாள்.

வீட்டில் அம்மா வேறு ஆளாகியிருந்தாள். இரண்டு கன்னமும் பூசினாற்போல இருந்தது. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்கினாள். உப்பும் மிளகாயும் அள்ளிப் போட்டுச் சமைத்து மூன்று வேளையும் சாப்பிட்டாள். மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, "இன்னா சொகமா கீது" என்பாள். குளியலும் ஒரு வேளையாகி, பிறகு சில நாள் அதுவும் இல்லாமல் போனது. எதற்குக் குளிக்க வேண்டும்? வாடை தெரிந்தால்தானே. சொல்ல வேண்டியது மகளின் பொறுப்பு. பலமுறை வாயெடுத்தாள். அந்தச் சொல்லை அம்மாவிடம் சொல்ல அவளால் முடியவில்லை. ஊரே சொன்ன சொல், ஒரு தடவை பெத்த பொண்ணும் சொல்வதா?

ஒரு முகூர்த்த நாளில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவேண்டியிருந்தது. சின்னப்பொண்ணு காலை வேலை முடித்து வந்தவள், புதுப் புடவையை எடுத்துச் சுற்றிக்கொண்டு அப்படியே கிளம்பிவிட்டாள். டவுன் பஸ்ஸில் கூட்டம் நெரித்தது. ஏறி உள்ளே போனதும், பெண்கள் பக்கம் மூன்று பேர் உட்காரும் இருக்கையில் இருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள். ஜன்னல் ஓரம் இருந்தவளும் பையை எடுத்துக்கொண்டு முன்பக்கம் நகர்ந்தாள். சுற்றிலும் வட்டம் போட்டாற்போல இடம் விழுந்தது. யாரோ ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்தார்கள்.

சின்னப்பொண்ணு இருக்கை நடுவில் தாராளமாக உட்கார்ந்து, மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

"பாத்தியா? வயசானவளுக்கு எந்திரிச்சி எடம் வுடறாங்க. மின்ன மாதிரி இல்லடி சனங்க. நல்லா மாறிட்டாங்க."

"ஆமாம்மா" என்றாள் சுடர்க்கொடி.

எழுந்த பெண்களில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி. நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, புடவைத் தலைப்பால் குழந்தையின் மூக்கை மூடியபடி நின்றாள். சின்னப்பொண்ணுவுக்கு மனசு கேட்கவில்லை.

"இந்தாம்மா, புள்ளய வெச்சிகினு நிக்கிறியே. இங்க எடம் கீது, வந்து குந்து."

"பரவால்லம்மா. அடுத்த ஸ்டாப்புல எறங்கிடுவேன்."

அடுத்த நிறுத்தம் வந்தது. அவள் இறங்கவில்லை. அதற்கடுத்ததிலும் இறங்கவில்லை. கல்யாண மண்டபம் வரும்வரை, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும், அம்மா சலிக்காமல் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.